பைய குடுங்க, நான் வச்சுக்கிறேன்: முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு உதவி பண்றது எப்படி

உதவி பண்ணணும்னு நெனைக்கிறவங்க நம்ம ஊர்ல நெறைய பேர் இருக்காங்க, எப்படி பண்றதுன்னு தெரியாம தான் பாதி பேர் சும்மா நிக்கிறாங்க, மீதி பாதி பேர் கேக்காமயே பாய்ஞ்சு எதையாவது பண்ணி எதிர்ல இருக்கவங்கள சங்கடப்படுத்திடுறாங்க. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் ரூல் ஒண்ணே ஒண்ணு தான்: மொதல்ல கேளுங்க, கேட்டத மட்டும் பண்ணுங்க, பண்ணிட்டு நகர்ந்துருங்க. மத்ததெல்லாம் எடத்துக்கு தகுந்த மாதிரி.

டவுன் பஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா நாம தெனமும் யாருன்னே தெரியாத ஆளோட தோளோட தோள் உரசி நிக்கிற எடம் அது தான். உங்களுக்கு சீட் கெடச்சிருச்சு, பக்கத்துல ஒருத்தர் ஒரு கையில கம்பி இன்னொரு கையில பையோட ஆடிட்டு நிக்கிறாரு. "பைய குடுங்க, நான் வச்சுக்கிறேன்"னு சொல்லுங்க, அவ்ளோ தான். "பரவால்ல"ன்னு சொன்னா விட்ருங்க, லேப்டாப் பையா இருக்கும், பணம் இருக்கும், யாரையும் நம்பாம இருக்க அவருக்கு உரிமை இருக்கு. குடுத்தா மடியில நிமித்தி வைங்க, சாய்க்காதீங்க, சாப்பாட்டு பையா இருந்தா சாம்பார் உங்க பேன்ட்லயே ஊத்தும். ஸ்கூல் பசங்க ஏறுற டைம்னா ஒண்ணு வாங்கினா போதும், அடுத்தடுத்து நாலு பை உங்க மேல வந்து விழும், அப்புறம் உங்க மொகமே வெளிய தெரியாது, அது தனி சுகம். முக்கியமா, நீங்க முன்னாடியே எறங்குறீங்கன்னா பைய சீட்ல போட்டுட்டு போகாதீங்க, "நான் சைதாப்பேட்டைல எறங்கிருவேன்"னு வாங்கும்போதே சொல்லிருங்க, எறங்கும்போது உரியவர் கையிலயே குடுங்க.

டிக்கெட் பாஸ் பண்றதுலயும் ஒரு முறை இருக்கு. பின்னாடி இருந்து காசு வந்தா சும்மா கை மாத்தி விட்டா பத்தாது, "ஒரு கிண்டி"ன்னு ஸ்டாப் பேரையும் சேத்து சொல்லி அனுப்புங்க, இல்லன்னா நடுவுல எங்கயோ அது ஒரு தி.நகரா மாறிடும். கண்டக்டர்கிட்ட சில்லறை இல்லன்னா பாக்கிய டிக்கெட் பின்னாடி எழுதி குடுத்துருவாரு, வயசானவங்க அத மறந்துட்டு எறங்கிருவாங்க. நீங்க பாத்திருந்தீங்கன்னா எறங்குறதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே "பாக்கி வாங்கிட்டீங்களாம்மா"ன்னு கேட்டுருங்க. 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனா டீலக்ஸ்ல காசு குடுக்கணும், வித்தியாசம் தெரியாம ஏறிட்டு உள்ள போய் கண்டக்டர்கிட்ட பேச்சு வாங்குறவங்கள பாத்திருப்பீங்க, ஸ்டாப்ல நிக்கும்போதே "அக்கா, இது காசு பஸ்ஸு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்த அவமானம் மிச்சம்.

எப்படி கூப்பிடுறதுன்னு சந்தேகம் வந்தா "அம்மா", "அண்ணா", "அக்கா" போதும். தலைமுடி நரைச்சிருக்குன்னு அம்பத்தஞ்சு வயசுக்காரங்கள "பாட்டி"ன்னு கூப்பிட்டுட்டு அப்புறம் சீட் குடுத்தாலும் உக்கார மாட்டாங்க, நியாயம் தானே.

வழி கேட்டா? தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இது தான் நமக்கு வராத விஷயம், கேட்டவரு ஏமாந்துருவாரேன்னு குத்துமதிப்பா ஒரு கைய காட்டி விட்ருவோம். சென்னைல இப்ப பெரிய குழப்பம் வெளியூர் பஸ் தான். 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் ஸ்டாண்ட் தொறந்ததுக்கு அப்புறம் மதுரை, திருநெல்வேலி பக்கம் போற பஸ்ஸெல்லாம் அங்க போயிருச்சு, ஊர்ல இருந்து எப்பவாவது வர்றவங்க இன்னும் பழைய ஞாபகத்துல மூட்டையோட கோயம்பேடு கேப்பாங்க. அப்போ கோயம்பேட்டுக்கு வழி சொல்லாதீங்க, "எந்த ஊருக்கு போறீங்க"ன்னு திருப்பி கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கு ரெண்டு மணி நேர அலைச்சல் மிச்சம்.

கண்ணு தெரியாதவங்க ரோட்டோரம் நின்னா உடனே கைய புடிச்சு இழுத்துட்டு போயிடுறாங்க நம்மாளுங்க. அவரு பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்திருப்பாரு, ரோட்ட தாண்டவே வேண்டியிருக்காது, பாவம் அந்த பக்கம் கொண்டு போய் விட்டுட்டு புண்ணியம் சேத்துட்டு போயிருவாங்க. தொடுறதுக்கு முன்னாடி பேசுங்க, "சார், ரோடு கிராஸ் பண்ணணுமா"ன்னு. ஆமான்னா உங்க முழங்கைய அவர் கைக்கு பக்கத்துல கொண்டு போங்க, அவரே புடிச்சுக்குவாரு, நீங்க அரை அடி முன்னாடி நடந்தா போதும், உங்க கை ஏறி எறங்குறத வச்சே அவருக்கு மேடு பள்ளம் புரியும். அவரோட குச்சிய தொடாதீங்க, அது அவர் கண்ணு. "பாத்து"ன்னு கத்துறதுல பிரயோஜனம் இல்ல, "ஒரு படி ஏறணும்", "லெஃப்ட்ல சாக்கடை"ன்னு சொல்லுங்க. பஸ் ஏத்தி விடுறீங்கன்னா தூக்கி விடாதீங்க, கம்பி எங்க இருக்குன்னு அவர் கைய அதுல வைங்க போதும். கெளம்பும்போது "நான் கெளம்புறேன் சார்"னு சொல்லிட்டு போங்க, இல்லன்னா நீங்க போனது தெரியாம காத்துல பேசிட்டு இருப்பாரு.

பேங்க் அடுத்தது. சட்டை பாக்கெட்ல பேனா இருந்தாலே போதும், உங்கள தேடி வருவாங்க, அங்க கயித்துல கட்டி வச்சிருக்க பேனா எழுதாது, எந்த பேங்க்னாலும் எழுதாது. "தம்பி, இத கொஞ்சம் எழுதி குடேன்"னு பாஸ்புக்க நீட்டுவாங்க. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபா 2023 செப்டம்பர்ல இருந்து அக்கவுண்ட்ல வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பேங்க் பக்கமே வராத நெறைய பேர் மாசாமாசம் வர்றாங்க. எழுதி குடுக்குறது இப்படி: எவ்ளோ எடுக்கணும்னு மெதுவா கேளுங்க, பக்கத்துல இருக்கவனுக்கு கேக்க வேண்டாம். பாஸ்புக்க பாத்து அக்கவுண்ட் நம்பர எழுதினதும் மொத வேலையா அத திருப்பி அவங்க கையில குடுத்துருங்க, மடிச்சு சுருக்குப்பைக்குள்ள வச்சதுக்கு அப்புறம் மிச்சத்த எழுதுங்க, அவங்க மொகத்துல ஒரு நிம்மதி தெரியும். தொகைய எழுத்துல எழுதிட்டு "ரெண்டாயிரம் ரூபா மட்டும்னு போட்ருக்கேன், சரியாம்மா"ன்னு படிச்சு காட்டுங்க. கையெழுத்து போடத் தெரியாதவங்கன்னா ரேகைய பேங்க் ஆளுங்க முன்னாடி வைக்கட்டும், நீங்க வைக்க சொல்லாதீங்க. பணத்த எண்ணி தாங்கன்னு கேட்டா அவங்க கையில இருக்கும்போதே அவங்க எண்ண நீங்க கூட சேந்து எண்ணுங்க.

ஏடிஎம்ல மட்டும் கொஞ்சம் கறாரா இருங்க. கார்ட கையில வாங்காதீங்க, பின் நம்பர அவங்களே வாய் விட்டு சொல்ல வந்தாலும் "சொல்லாதீங்கம்மா, யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு தடுத்துட்டு, எந்த பட்டன்னு மட்டும் தள்ளி நின்னு சொல்லுங்க. உதவி பண்றேன்னு வந்து கார்ட மாத்திட்டு போறவன் இருக்கான், அதனால நீங்க நல்லவரா இருந்தாலும் அந்த பழக்கத்த அவங்களுக்கு பழக்காதீங்க. செக்யூரிட்டியோ பேங்க் ஆளோ இருந்தா அவர கூப்பிட்டு விடுறது இன்னும் நல்லது.

இப்ப கொஞ்சம் சீரியஸான விஷயம். ரோட்ல ஒருத்தருக்கு வலிப்பு வந்தா கூட்டத்துல இருந்து மொதல்ல வர்ற சத்தம் "சாவி குடுங்க, இரும்பு குடுங்க" தான். அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, துடிக்கிற கையில இரும்ப திணிச்சா அவருக்கே காயம் படும். கைய கால அமுக்கி புடிக்காதீங்க, வாய்க்குள்ள எதையும் வைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. பக்கத்துல இருக்க வண்டி, கல்லு எதுவா இருந்தாலும் நகத்துங்க, தலைக்கு அடியில துண்டோ பையோ வைங்க, சட்டை காலர லூஸ் பண்ணுங்க, துடிப்பு அடங்க அடங்க ஒருக்களிச்சு படுக்க வைங்க, எச்சில் தானா வெளிய வந்துரும். வாட்ச பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ நின்னு திரும்ப வந்தாலோ 108. சில பேருக்கு அந்த நேரத்துல துணி நனைஞ்சிரும், ஒரு துண்டு எடுத்து இடுப்புக்கு மேல போர்த்தி விடுங்க, கூட்டத்த "காத்து வரட்டும்"னு தள்ளி விடுங்க. முழிச்சதும் அவருக்கு எங்க இருக்கோம்னே புரியாது, பத்து பேர் ஒரே நேரத்துல கேள்வி கேக்க வேண்டாம், ஒருத்தர் மட்டும் பக்கத்துல உக்காந்து "ஒண்ணும் இல்லண்ணா, இப்ப தான் வலிப்பு வந்துச்சு, வீட்டுக்கு யாருக்கு போன் பண்ணணும்"னு கேட்டா போதும்.

ஆக்சிடென்ட்னா பயமே வேற, போலீஸ், கேஸு, கோர்ட்டுன்னு அலைய விடுவாங்கன்னு. 2016லயே சுப்ரீம் கோர்ட் இதுக்கு பாதுகாப்பு குடுத்துருச்சு, 2019ல மோட்டார் வாகன சட்டத்துல 134ஏ னு ஒரு பிரிவே சேத்துட்டாங்க. 108க்கு போன் பண்றவரு, ஆஸ்பத்திரில கொண்டு வந்து சேக்குறவரு தன் பேரையோ அட்ரஸையோ சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, ஆஸ்பத்திரி உங்கள உக்கார வச்சு பணம் கட்ட சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, விபத்துல அடிபட்டவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும், அதுல சேந்த ஆஸ்பத்திரிகள்ல மொத 48 மணி நேர சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரைக்கும் அரசாங்கமே பாத்துக்குது, "பணம் யாரு கட்டுறது"ன்னு ரோட்ல நின்னு யோசிக்க வேண்டாம். மயக்கத்துல இருக்கவருக்கு தண்ணியோ சோடாவோ குடுக்காதீங்க, கழுத்த திருப்பாதீங்க, ஹெல்மெட்ட இழுத்து கழட்டாதீங்க. போன தூக்கி வீடியோ எடுக்குறவன் நின்னா அவன்கிட்டயே வேலைய குடுங்க, "தம்பி நீ அந்த முனைல நின்னு ஆம்புலன்ஸுக்கு வழி காட்டு"ன்னு, பெரும்பாலும் போயிருவான், வேலை சொல்ல ஆள் இல்லாம தான் வீடியோ எடுக்குறான்னு எனக்கு ஒரு எண்ணம்.

கடைசியா காசு விஷயம். சில்லறை இல்லாதவருக்கு டிக்கெட் எடுத்து குடுத்திருப்பீங்க, டீக்கடைல ஜிபே ஓடாம முழிச்சவருக்கு பத்து ரூபா குடுத்திருப்பீங்க. அவரு அடுத்த ஸ்டாப்ல சில்லறை மாத்திட்டு வந்து நீட்டினா "அய்யோ வேண்டாம்ணா"ன்னு வள்ளல் மாதிரி கைய ஆட்டாதீங்க. வாங்கி பாக்கெட்ல போட்டுக்கங்க.