மைக்ரோநேஷன்ல கள்ள ஓட்டு போடுற ஃபேக் ஐடியை கண்டுபிடிக்கிறது எப்படி? புதுசா சேர்றவங்களுக்கு

ஆன்லைன்ல ஒரு மைக்ரோநேஷன்ல, அதாவது யாரும் அங்கீகரிக்காத, சில பேர் தாங்களா அறிவிச்சுக்கிட்ட குட்டி நாட்டுல குடிமகனா சேர்ந்திருக்கீங்க, இல்லன்னா நீங்களே நாலு ஃப்ரெண்ட்ஸோட ஒண்ணு ஆரம்பிச்சு கொடி டிசைன் பண்ணி அரசியலமைப்பு எல்லாம் எழுதி முடிச்சுட்டீங்கன்னு வைங்க. முதல் எலெக்‌ஷன் வந்த உடனே ஒரு சந்தேகம் வரும், இந்த லிஸ்ட்ல இருக்கிறவங்கள்ல நிஜமான ஆளு எத்தனை பேர்னு.

ஏன் இப்படி பண்றாங்க?

1933ல போட்ட மான்டெவிடியோ ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, நாடுன்னா நிரந்தர மக்கள்தொகை, எல்லை, அரசாங்கம், மத்த நாடுகளோட உறவு வெச்சுக்கிற தகுதி இதெல்லாம் இருக்கணும்னு சொல்லுது, மைக்ரோநேஷன்காரங்க எல்லாரும் எதுக்கெடுத்தாலும் இதைத்தான் தூக்கிட்டு வருவாங்க. நிலத்துக்கு மொட்டைமாடியை காட்டிடலாம், மக்களுக்கு எங்க போறது? அங்கதான் ஒரே ஆளு ராணுவ மந்திரியாவும் எதிர்க்கட்சித் தலைவராவும் ரெண்டு ஐடில வந்து நிப்பாரு.

நேர்ல பார்த்துக்கிற வரைக்கும் இந்த தொல்லை கிடையாது. அமெரிக்காவுல மில்வாக்கில ராபர்ட் பென் மேடிசன்னு 14 வயசு பையன் 1979 டிசம்பர் 26 அன்னிக்கு தன்னோட பெட்ரூமையே தலோசான்னு தனி நாடா அறிவிச்சான், ரொம்ப வருஷம் அதுல இருந்தது அவனுக்கு தெரிஞ்ச ஆளுங்கதான். 90கள்ல வெப்சைட் வந்தப்புறம்தான் முகம் தெரியாதவங்க குடிமக்களா வந்தாங்க, அவங்களுக்கு சைபர்சிட்னே பேரு. தலோசால ஃபேக் ஐடி இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஆனா முகம் தெரியாதவங்களுக்கு குடியுரிமை குடுக்க ஆரம்பிச்சா எல்லா நாட்டுக்கும் இந்த கேள்வி வந்தே தீரும்.

(செக் பண்ணாம விட்டா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 ஜனவரில அமெரிக்காவோட நியூவார்க் நகரம் நித்யானந்தாவோட கைலாசாவோட சகோதர நகர ஒப்பந்தம் போட்டுட்டு, சில நாள்லயே விஷயம் தெரிஞ்சு ரத்து பண்ணுச்சு.)

ஸ்டெப் 1: அக்கவுன்ட் எப்போ பொறந்துச்சுன்னு பாருங்க

இப்போ பாதி மைக்ரோநேஷன் டிஸ்கார்ட்ங்கிற சாட் ஆப்லதான் ஓடுது. ப்ரொஃபைல்லயே சேர்ந்த தேதி இருக்கும், ஆனா நமக்கு வேண்டியது நேரம். செட்டிங்ஸ்ல டெவலப்பர் மோடை ஆன் பண்ணிட்டு, ஆளோட பேர் மேல ரைட் கிளிக் பண்ணி யூசர் ஐடியை காப்பி பண்ணுங்க. அந்த நீள நம்பரை 4194304ஆல வகுங்க, புள்ளிக்கு அப்புறம் வர்றதை விட்டுடுங்க, புள்ளிக்கு முன்னாடி இருக்கிற நம்பரோட 1420070400000 கூட்டுங்க. வர்றது யூனிக்ஸ் டைம், அதாவது கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1ல இருந்து எண்ணுற நேரம், மில்லிசெகண்ட்ல. அதை ஏதாவது ஒரு கன்வெர்ட்டர்ல போட்டா அக்கவுன்ட் ஓப்பன் பண்ணின செகண்ட் வரைக்கும் வந்துடும். டிஸ்கார்டே உதாரணமா காட்டுற 175928847299117063ஐ போட்டுப் பாருங்க, 2016 ஏப்ரல் 30, யுடிசி நேரப்படி 11:18:25னு வரணும்.

புது அக்கவுன்ட்னா உடனே ஃபேக்னு முடிவு பண்ணக்கூடாது. ஆனா ஒருத்தர் பிரேசில், ஒருத்தர் போலந்துன்னு சொல்லிக்கிற மூணு பேரோட அக்கவுன்ட்டும் ஒரே ராத்திரி பத்து நிமிஷத்துக்குள்ள ஓப்பன் ஆகியிருந்தா அந்த மூணையும் தனியா குறிச்சு வைங்க.

ஸ்டெப் 2: யாரை யார் வழிமொழியறாங்க

என் கணக்குல முக்கால்வாசி பேர் மாட்டுறது இங்கதான். பிரதமர் ராத்திரி 11:40க்கு ஒரு தீர்மானம் போடுவாரு, 11:42க்கு ஒரு பிஷப் வந்து வழிமொழியறேன்பாரு, 11:43க்கு ஒரு ஜெனரல் "அருமையான யோசனை தலைவரே"ன்னு வருவாரு, அப்புறம் மூணு பேரும் ஒண்ணா காணாம போயிடுவாங்க. அந்த பிஷப் வேற எந்த பேச்சுலயாவது வாயை திறந்திருக்காரா, யாரோடயாவது சண்டை போட்டிருக்காரா, சம்பந்தமே இல்லாம ஒரு மீம் போட்டிருக்காரான்னு பழைய மெசேஜ்ல தேடுங்க. நிஜ மனுஷன்னா கண்டிப்பா ஏதாவது உளறியிருப்பான். ஃபேக் ஐடிக்கு ஓட்டு போடுறதும் பாராட்டுறதும்தான் வேலை.

கூடவே எழுத்தையும் கவனிங்க, கமாவுக்கு முன்னாடி ஸ்பேஸ் விடுற பழக்கம், ஒரே வார்த்தையை ஒரே மாதிரி தப்பா எழுதுறது, மூணு புள்ளிக்கு பதிலா ரெண்டு புள்ளி. பேரும் படமும் மாத்துறவன்கூட இதை மாத்த மறந்துடுவான்.

ஸ்டெப் 3: ஐபியை மட்டும் நம்பி தூக்காதீங்க

ஐபின்னா ஒருத்தர் எந்த இன்டர்நெட் கனெக்‌ஷன்ல இருந்து வர்றாருன்னு காட்டுற நம்பர், டிஸ்கார்ட் அதை உங்களுக்கு காட்டாது. விக்கிபீடியா மாதிரி சொந்தமா ஒரு விக்கி சைட் நடத்துனா, அதுல ஐபியை பார்க்க உதவுற செக்யூசர்ங்கிற எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தா பார்க்கலாம். ஆனா மொபைல் நெட்ல சம்பந்தமே இல்லாத நிறைய பேர் ஒரே ஐபில வருவாங்க, அதுவும் இல்லாம மைக்ரோநேஷன்ல அண்ணன் ராஜா தம்பி மந்திரின்னு ஒரே வீட்டு வைஃபைல உக்காந்திருக்கிறது சர்வ சாதாரணம். அதே மாதிரி ஐபியை மறைக்கிற விபிஎன் போட்டவனுக்கு எத்தனை ஐபி வேணும்னாலும் கிடைக்கும்.

ஸ்டெப் 4: பேச கூப்பிடுங்க

சந்தேகப்படுற ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வாய்ஸ் சேனலுக்கு கூப்பிட்டு ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேக்க சொல்லுங்க. ரெண்டு போன் வெச்சு ரெண்டு ஐடில உள்ள வந்துடலாம், ஆனா ரெண்டு குரல்ல வாக்குவாதம் பண்றது கஷ்டம். வரமாட்டேன்னு சொன்னா அதையே ஆதாரமா எடுக்காதீங்க, கூச்சப்படுறவங்க நிறைய பேர் உண்டு.

ஆதார், பாஸ்போர்ட் எதுவும் கேக்கவே கேக்காதீங்க. இதுல பாதி பேர் ஸ்கூல் பசங்க, அந்த டாக்குமென்ட்டை பத்திரமா வெச்சுக்கிற வசதியும் உங்ககிட்ட கிடையாது. யாரையாவது கண்டுபிடிச்சாலும் அவங்க நிஜ பேரு, ஊரு, ஸ்கூல் எதையும் வெளிய போடக்கூடாது, ஓட்டை மட்டும் ரத்து பண்ணுங்க.

ஸ்டெப் 5: ரூலை மாத்துங்க

மேக்ஸ் பேரி 2002ல ஆரம்பிச்ச நேஷன்ஸ்டேட்ஸ்ங்கிற, கற்பனை நாடு நடத்துற ஆன்லைன் கேம்ல ஒரு ஆளு எத்தனை நாடு வேணும்னாலும் வெச்சுக்கலாம், அதை பப்பெட்னு வெளிப்படையாவே சொல்லுவாங்க, ஆனா அந்த கேம்ல ஐ.நா சபை மாதிரி இருக்கிற வேர்ல்ட் அசெம்பிளில ஒரு ஆளுக்கு ஒரே ஒரு நாடுதான். அதே மாதிரி நீங்களும், ரெண்டாவது ஐடி வெச்சுக்கோ, அறிவிச்சுடு, ஓட்டு மட்டும் ஒண்ணுன்னு போட்டுட்டா பாதி பேர் ஒளிய வேண்டிய அவசியமே இருக்காது.

கடைசியா, வாக்காளர் லிஸ்ட்டை தேர்தல் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே மூடிடுங்க. அறிவிச்சதுக்கு அப்புறம் வர்ற குடிமக்களை சந்தோஷமா சேத்துக்கோங்க, அவங்களுக்கு ஓட்டு அடுத்த எலெக்‌ஷன்லதான்.