சொட்டாத கசிவு: பழைய மோட்டார்ஹோமில் பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் வெளிவந்த பெட்ரோல் மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளை, குறைந்த விலைக்கு வாங்கிப் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே இரண்டு தொல்லைகளைச் சந்தித்துவிடுகிறார்கள். தண்ணீர் பம்பு ஓடுகிறது, தண்ணீர் வருவதில்லை. ஜெனரேட்டர் கிளம்புகிறது, சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. இரண்டிலும் செய்யப்படும் முதல் தவறு ஒன்றுதான். எங்கே சொட்டுகிறது என்று தேடுகிறார்கள்; எங்கும் சொட்டவில்லை என்றதும் குழாய்கள் நன்றாக இருப்பதாக முடிவு கட்டி, இருப்பதிலேயே விலை கூடிய பாகத்தைக் கழற்றத் தொடங்குகிறார்கள்.

கிணற்றில் பம்புசெட் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டெலிவரி பைப்பில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீய்ச்சும்; சக்‌ஷன் பைப்பில் விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். மோட்டார்ஹோமின் தண்ணீர் பம்புக்கும் ஜெனரேட்டரின் பெட்ரோல் பம்புக்கும் இதே விதிதான்.

தண்ணீர் பம்பை முதலில் எடுத்துக்கொள்வோம். டேங்கில் தண்ணீர் இருந்தும் குழாய் துப்பித் துப்பி வந்தால், பம்பின் வாயில் இருக்கும் சிறிய வடிகட்டியைப் பாருங்கள். அதன் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி அரைத் திருகு தளர்ந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து தட்டையாகியிருந்தாலோ பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். குளிர்காலத்தில் உறையாமல் இருக்க ஆன்டிஃப்ரீஸை உறிஞ்சுவதற்காக வைத்த பக்கக் குழாயின் வால்வு திறந்தே கிடப்பதும் இதே விளைவைத் தரும். (அதற்குக் காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸைப் பயன்படுத்தவே கூடாது, அது நஞ்சு, குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கும் இளஞ்சிவப்புத் திரவம் வேறு.)

எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, நள்ளிரவில் பம்பு ஒரு நொடி உறுமி அடங்குவது வேறு வகைச் சிக்கல்: குழாயில் அழுத்தம் எங்கோ இறங்குவதால் பம்பு தானாக ஓடுகிறது. எங்கள் வண்டியில் இதற்காகப் புதுப் பம்பே வாங்கிப் பொருத்தினேன். மறுநாள் இரவும் அதே உறுமல். கழிப்பறையின் அடி வால்விலிருந்து கிண்ணத்துக்குள் மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கண்டேன். இவ்வாறு அழுத்தம் முன்பக்கமாகவும் இறங்கலாம், பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு வழியாகப் பின்பக்கமாக டேங்குக்கும் திரும்பலாம். பம்பை அணைத்துவிட்டு, வண்டி நிறுத்தும் முகாமின் குழாய்த் தண்ணீரை வண்டியில் இணைத்துச் சில மணி நேரம் விடுங்கள். டேங்கை நிரப்பும் வால்வு மூடியிருந்தும் டேங்கில் தண்ணீர் ஏறினால், பெரும்பாலும் குறை அந்த ஒருவழி வால்வில்தான். அப்போதும் முழுப் பம்பையும் மாற்ற வேண்டியதில்லை. தலைப்பகுதியைத் திறந்து வால்வில் சிக்கிய அழுக்கைத் துடைத்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும். முகாம் தண்ணீரை அழுத்தச் சீராக்கி இல்லாமல் இணைப்பதும் தவறு. பழைய குழாய்களுக்கு 40 முதல் 50 பி.எஸ்.ஐ. போதும்.

இனி ஜெனரேட்டர். பல வண்டிகளில் அது எஞ்சினுக்கான அதே டேங்கிலிருந்துதான் பெட்ரோல் எடுக்கிறது. ஆனால் அதன் உறிஞ்சு குழாயை வேண்டுமென்றே குட்டையாக வைத்திருப்பார்கள். டேங்க் ஏறத்தாழ காலளவுக்கு இறங்கியதும் ஜெனரேட்டர் நின்றுவிடும், காட்டில் ஏசி ஓட்டியே பெட்ரோலைத் தீர்த்துவிடாமல் வண்டி ஊர் திரும்பலாம். இதை அறியாமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் ஏராளம். டேங்க் நிறைய இருந்தும் நின்றால், டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பல ஆண்டு ஊறிய பழைய குழாயில், மடக்கும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். பம்பு பெரும்பாலும் ஜெனரேட்டர் பக்கத்தில் இருப்பதால் இந்தக் குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். ஓடும்போது பெட்ரோல் சொட்டாமல் காற்று மட்டும் புகும். முழுக் குழாயையும் எரிபொருளுக்கென்றே செய்த புதுக் குழாயாக மாற்றுவதே முறை. டேப் சுற்றுவது தீ விபத்துக்கு வழி.

கார்புரேட்டர் உண்மையிலேயே அடைத்துக்கொள்வதும் உண்டு. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் பெட்ரோல் பிசினாகி நுண்ணிய துளைகளை மூடிவிடும். மாதம் ஒருமுறை, சுமார் பாதிச் சுமையில், இரண்டு மணி நேரம் ஓட்டினால் இது பெரும்பாலும் நேராது. சுமையின்றி ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பதைப் பராமரிப்பு என்று சொல்ல முடியாது.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஓடி, விரலை எடுத்ததும் நிற்கிறதா? சில நூறு டாலர் கொடுத்துக் கட்டுப்பாட்டுப் பலகையை வாங்குவதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பழைய ஓனன் நிறுவன ஜெனரேட்டர்களில் ஆயில் அழுத்தம் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் உண்டு. ஆயில் குறைந்தாலும் அது நிறுத்தும், சுவிட்சே கெட்டாலும் நிறுத்தும். ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் ஸ்டார்ட்டரைக் குறை சொல்லாமல் பேட்டரி முனைகளையும், வண்டியின் இரும்புச் சட்டத்தில் இணையும் எர்த் வயரின் துருவையும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

எல்லாம் சரியாகி ஜெனரேட்டர் ஓடிய பிறகு, அதன் புகைக்குழாயைப் பார்க்காமல் விடுவதே இவற்றில் ஆபத்தான தவறு. முப்பது ஆண்டுத் துருவில் வண்டியின் அடியிலேயே குழாய் ஓட்டையாகியிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தரை இடுக்குகள் வழியே படுக்கைக்கு வரும், அதற்கு மணமில்லை. சுவரில் இருக்கும் எச்சரிக்கைக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் கூவுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. அதன் உணரியின் ஆயுள் பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகள்தான். கருவியைக் கழற்றித் திருப்பினால் பின்புறத்தில் தேதி அச்சிட்டிருக்கும்.