மலையூர்க் கதை எழுதலாம்: பொறாமைக்காரப் பிள்ளையை நடுவில் வைத்து ஒரு செய்முறை

குழந்தைகளுக்குக் கதை எழுதப் பழகுகிறவர்கள் கொடைக்குணம், பொறாமை என்று கையில் எடுத்தால் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். நல்லவர் கொடுப்பார், அவருக்குப் புதையல் கிடைக்கும். பொறாமைக்காரர் அதைப் பார்த்துத் தானும் செய்வார், தேள் கொட்டும். இரண்டாம் பத்தியிலேயே பிள்ளைகள் முடிவைச் சொல்லிவிடுவார்கள். பொறாமைப்படுகிற பிள்ளையையே கதையின் நடுவில் உட்கார வைத்து, ஒவ்வொரு படியாக ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்.

படி 1: ஊரைப் பிடியுங்கள்

"அழகிய மலைக்கிராமம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த மலை? திருநெல்வேலிக்காரர்களுக்குப் பொதிகைப் பக்கமே போதுமான ஊர்கள் உண்டு. காரையாறு பக்கம் காணிக்காரர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆனால் அவர்களோடு பழகாமல் அவர்கள் வீட்டுக் கதையை எழுதுவது சரியில்லை என்பது என் எண்ணம். நான் மணிமுத்தாறு அணைக்கு மேலே போகிறேன்: மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் குத்தகைக்கு விட்ட காட்டில் எழுந்த தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களுக்கு வரிசையாக லயன் வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பது கேட்காமலே தெரியும். பொறாமைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 2024-இல் அந்தத் தொழிலாளர்களை விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அதனால் தோட்டம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கதையை வையுங்கள்.

படி 2: கொடுக்கிற பொருள்

தங்கக்காசு வேண்டாம். அந்த ஊரில், அந்த மாதத்தில், எது கிடைக்காதோ அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அதிகமாக மழை கொட்டுகிற இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் உண்டு. ஐப்பசி அடைமழையில் அங்கே எது அருமை? காய்ந்த விறகு. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிவிடும்போது, விழுகிற குச்சிகளை வெயில் காலத்திலேயே சேர்த்து, வராந்தாவில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்த ஒருத்தர் இருந்தால் அவர்தான் அந்த லயனின் வள்ளல். பொருள் அமைந்துவிட்டால் பாதிக் கதை தானாக வந்துவிடும்.

படி 3: ஆட்கள்

மூன்று பேர் போதும். விறகு வைத்திருக்கிற இசக்கி ஆச்சி, அவள் பேத்தி முத்து, பக்கத்து வீட்டுப் பேச்சி. கூப்பிடுகிற விதம் நம் ஊர் விதமாக இருக்கட்டும்: "ஏட்டி பேச்சி, ரெண்டு கட்டு எடுத்துட்டுப் போ. தம்பிக்குப் பால் காய்ச்சணும்லா." இந்த ஒரு பேச்சிலேயே ஆச்சி யாரென்று தெரிந்துவிடும். "ஆச்சி மிகவும் நல்லவர்" என்று தனியாக எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

படி 4: பொறாமை எதன்மேல்?

இங்கேதான் மெதுவாகப் போகவேண்டும். பேச்சிக்கு விறகின்மேல் ஆசை இல்லை. கேட்டால்தான் ஆச்சி கொடுக்கிறாளே. விறகு வாங்க வருகிறவர்கள் எல்லாம் முத்துவின் கன்னத்தைத் தட்டி, "ஆச்சி பேத்தியில்லா, தங்கம்லா" என்கிறார்கள். முத்து ஒன்றுமே செய்யவில்லை, சும்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சியோ நேற்றுத் தன் கொய்யாப்பழத்தில் பாதியைப் பிட்டு ஒரு சின்னப் பையனுக்குக் கொடுத்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்த விறகைத் தூக்கும்போது அவளுக்குக் கை கூசுகிறது. கொடுக்கிறவரைப் பார்த்து வாங்குகிறவருக்கு வருகிற இந்த எரிச்சல் பெரியவர்களுக்கும் உண்டு, ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டோம். பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும்.

எழுதும்போது "பொறாமை" என்ற சொல்லே வராமல் பாருங்கள். கன்னத்தைத் தட்டுகிற கையையும் கொய்யாப்பழத்தையும் காட்டினால் போதும்.

படி 5: ஒரு தப்பு

ஒன்றே ஒன்று, சின்னதாக, பிள்ளை செய்யக்கூடியதாக. ராத்திரி பேச்சி தார்ப்பாயின் ஒரு மூலையில் வைத்த கல்லை எடுத்துவிடுகிறாள். மீதியைக் காற்றும் மழையும் பார்த்துக்கொள்ளும்.

படி 6: அடுத்த நாள்

காலையில் லயன் முழுக்கப் புகை. ஊதுகுழலால் ஊதி ஊதி எல்லார் கண்ணும் சிவந்திருக்கிறது. காற்றுதான் தார்ப்பாயைத் தூக்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். யாரும் பேச்சியைச் சந்தேகப்படவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் கிடந்த கொஞ்சம் குச்சியை ஆச்சி எடுத்து, முதல் கட்டை நேராகப் பேச்சி வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். கைப்பிள்ளை இருக்கிற வீடு அல்லவா?

தண்டனை இதுதான். தேளும் வேண்டாம், பேயும் வேண்டாம்.

ஆச்சிக்கும் பரிசு கொடுத்துவிடாதீர்கள். இதே பொதிகை மலையை ஆண்ட வள்ளல் ஆய் அண்டிரனைப் பற்றிப் புலவர் முடமோசியார் பாடும்போது, இப்போது கொடுத்தால் மறுபிறப்பில் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிற அறவியாபாரி அல்ல அவன் என்கிறார். சங்ககாலத்திலேயே தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. நாம்தான் இன்னும் புதையல் பானையைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

படி 7: முடிப்பு

பேச்சி நனைந்த குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வந்து தன் வீட்டுப் பரணில் காயப்போடுகிறாள். காய்ந்ததும் விடியுமுன் ஆச்சி வீட்டு வராந்தாவில் அடுக்கிவைத்து, தார்ப்பாயின் மூலையில் கல்லையும் வைக்கிறாள். அழுது மன்னிப்புக் கேட்கிற காட்சி வேண்டாம். ஆச்சிக்குத் தெரியுமா தெரியாதா என்பதையும் எழுதவேண்டாம். கதையைச் சொல்லிவிட்டு அதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். சண்டையே வரும்.

படி 8: வாய்விட்டுப் படியுங்கள்

மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பிள்ளை நெளிகிற இடத்தில் ஒரு பத்தியைத் தூக்குங்கள். பெரும்பாலும் அது மலையை வருணித்த பத்தியாக இருக்கும். சிரிப்புக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஓர் அட்டைப்பூச்சியை விடுங்கள். அந்த மலையில் மழைக்காலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை, ராத்திரி தார்ப்பாய்ப் பக்கம் போன பேச்சியின் காலில் ஏறியிருக்கத்தான் செய்யும்.