தேங்காய் அரைத்த கிரான்பெரிப் பச்சடி

கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்யாணப் பந்தியில் அன்னாசிப் பச்சடியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்குகிறவர்களுக்குக் கிரான்பெரி நிச்சயம் பிடிக்கும். வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் விளையும் இந்தச் செம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரையே இருப்பதால், பச்சையாகத் தின்றால் பல் கூசும். தேங்காயோடு சேரும்போது அந்தப் புளிப்பும் துவர்ப்பும் அருமையான ருசியாகிவிடும்.

உறைய வைத்த பழம் 200 கிராம் எடுத்து, பனி விலகக் காத்திராமல் கழுவி, அரை டம்ளர் தண்ணீருடன் மண்சட்டியில் வேகவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு அரிக்கும் என்பதால் அது வேண்டாம். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் உண்டு. நீர் நிரப்பிய வயலில் அறுவடையின்போது பழம் மிதப்பது அவற்றால்தான். சூடேறியதும் ஒவ்வொன்றாகத் தோல் வெடிக்கும் சத்தம் கேட்கும். பெரும்பாலானவை வெடித்த பிறகே உப்பும் 100 கிராம் சீனியும் சேர்க்க வேண்டும். முதலிலேயே சீனி போட்டால் தோல் இறுகிவிடும். கருப்பட்டி போட்டால் மணம் கூடும், ஆனால் அந்த அழகான சிவப்பு மங்கிவிடும் என்பதால் விருந்துக்குச் சீனியே நல்லது.

அரை மூடித் தேங்காய்த் துருவல், நான்கு காந்தாரி மிளகாய், அரை தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை வெண்ணெய்போல் அரைத்து, கடைசியில் கால் தேக்கரண்டி கடுகைப் போட்டு ஒரே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கடுகு மைய அரைபட்டால் கசக்கும். அரைப்பைப் பழத்தோடு கலந்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். இப்பழத்தில், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற இயற்கைப் பொருள் மிகுதி. ஆற ஆறத் தானே கெட்டிப்படும் என்பதால், சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்குவதுதான் பக்குவம்.

நன்றாக ஆறிய பின் கடைந்த கெட்டித் தயிர் அரைக் கிண்ணம் சேர்த்து, தேங்காய் எண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். சூட்டோடு தயிர் விட்டால் திரிந்துவிடும். தயிர் பட்டதும் சிவப்பு இளஞ்சிவப்பாக மாறுவது பார்க்கவே ஆசையாக இருக்கும். சோற்றோடு மட்டுமல்லாமல், அவித்த மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கோடும் இது நன்றாகச் சேரும் என்பது என் அனுபவம்.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த கிரான்பெரி பெரும்பாலும் சர்க்கரை ஏற்றியது. அதைக் கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, சீனியை அடியோடு விட்டுவிட்டு, புளிப்புக்குத் துருவிய பச்சை மாங்காய் ஒரு கைப்பிடி சேர்த்து வேகவிடுங்கள்.