ஒப்புதல் படிவத்தை மாற்றி எழுதியபோது

நான் பணியாற்றும் சிறிய மகப்பேறு மருத்துவமனையில், அறுவை அரங்குக்குப் போகும் அவசரத்தில் கணவரிடமோ மாமியாரிடமோ கையெழுத்து வாங்கிவிடுவதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. படிவமோ, மருத்துவர் தேவையெனக் கருதும் எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம் என்ற ஒரே வரி. லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்கு (சிறு துளை வழியே கேமரா செலுத்தி வயிற்றுக்குள் பார்ப்பது) மட்டும் ஒப்புக்கொண்ட பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயாரின் அனுமதியோடு கருப்பையை அகற்றியது செல்லாது என 2008-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படித்தபின், அந்தத் தாள் எங்களைக் காக்காது என்பது தெளிவாயிற்று. (உயிர் காக்கும் அவசரநிலை இதற்கு விலக்கு.)

புதிய படிவத்தைத் தமிழில் எழுதி, அறுவையின் பெயர், மாற்று வழிகள், ரத்தப்போக்கு, சிறுநீர்ப்பைக் காயம் முதலிய ஆபத்துகள் ஆகியவற்றைப் புறநோயாளிப் பிரிவிலேயே விளக்கி, நோயாளியிடமே கையெழுத்துப் பெறுகிறோம். "என்ன செய்யப் போகிறோம், நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்பதுதான் என் கணிப்பில் கையெழுத்தைவிட முக்கியம். "கட்டியை மட்டும்தானே எடுப்பீங்க டாக்டர்?" என்று ஒருவர் கேட்டதும், கருப்பை நீக்கம் என்பதே அவருக்குப் புரியவில்லை என உணர்ந்து, அறுவையைத் தள்ளிவைத்து மீண்டும் பேசினோம்.

நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில் திருத்தம் வந்தால் வெள்ளை மை பூசுவதில்லை. ஒற்றைக் கோடிட்டு, தேதியும் நேரமும் இட்டுக் கையெழுத்திடுகிறோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. ஆகவே நகல் எடுத்துத் தரும் பொறுப்பைச் செவிலியர் ஒருவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.