'இலவச' பவர் சப்ளையும் மற்ற சில கண்ணிகளும்

செந்தூலில் இருக்கும் அக்கா மகன் போன சனிக்கிழமை, விளையாட்டுக் கணினி கட்டத் தேவையான பாகங்களின் பட்டியலோடு வந்தான். கோலாலம்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி அவனே எழுதியது. புராசசர் ரைசன் 5 5600, கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600, 16 ஜிபி ரேம். மூவாயிரம் ரிங்கிட்டுக்குள் விளையாட நினைப்பவனுக்கு நல்ல தேர்வுதான். கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது: 'கண்ணாடிப் பெட்டி, நான்கு வண்ண விசிறி, 500 வாட் பவர் சப்ளை இலவசம்.'

அந்தப் பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வந்திருந்தான், புத்திசாலி. பெரிய எழுத்தில் 500. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். +12 வோல்ட் என்ற இடத்தில் 18 ஆம்பியர். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் வாழ்வது இந்த 12 வோல்ட்டில்தான். பெருக்கிப் பார்த்தால் 216 வாட். மீதி 284? பெரும்பாலும் 3.3, 5 வோல்ட் கணக்கில் எழுதி வைத்தது. இன்றைய கணினிக்கு அதில் கொஞ்சம் போதும். கார்டு 132 வாட் கேட்கும், புராசசர் முட்டி வேலை செய்தால் 76. ஆக 208. விசிறிகள், மதர்போர்டு எல்லாம் மிச்சமுள்ள எட்டு வாட்டில் குடித்தனம் நடத்த வேண்டும்! போதாததற்குக் கார்டு கண நேரம் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது கணினி அணைந்துபோனால் விளையாட்டின்மேல் பழி போடாதீர்கள்.

பவர் சப்ளை வாங்கும்போது 12 வோல்ட் கணக்கு மொத்த வாட்டுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். ஐந்து ஆண்டு உத்தரவாதம் இருந்தால் இன்னும் நல்லது. '80 பிளஸ்' முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்லாது. மாலையானால் இடி இறங்கும் கோலாலம்பூரில் நான் இந்த ஒரு பொருளில் கஞ்சத்தனம் காட்டமாட்டேன்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டியும் வேண்டாம். ஏர்கான் இல்லாத அறையில் பகலில் 32 பாகை. காற்று நுழைய வழியில்லாமல் நான்கு விசிறி சுழன்று என்ன பயன்? வலை முகப்பு போதும். அழகு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ரேமை ஒரே 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு எட்டாக வாங்குங்கள். மதர்போர்டில் ரேமுக்கு நான்கு துளை இருந்தால் பெரும்பாலும் புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிட்டால், 3200 வேகம் என்று வாங்கியது 2133-லோ 2666-லோ சோம்பிக் கிடக்கும். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நண்பனிடம் சும்மா கிடக்கும் பி450 மதர்போர்டை வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டான். புராசசர் உட்காரும் சாக்கெட் பொருந்தும். ஆனால் அது 2018-இல் வந்த பலகை, புராசசரோ 2022-இல் வந்தது. பயாஸைப் புதுப்பிக்காத பலகை அதை அடையாளமே காணாது. புதுப்பிக்க ஒரு பழைய புராசசரைத் தேடி அலைய நேரலாம். நண்பன் வீட்டிலேயே அந்த வேலையை முடித்துவிட்டு எடுத்து வா என்றேன்.

இன்னொன்று: 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் திரை இருட்டுதான். நான் முதன்முதலில் கட்டிய கணினியிலும் இப்படித்தான். கார்டு பழுது என்று முடிவுகட்டி, வேலைக்கு விடுப்புப் போட்டு, பெட்டியைச் சுமந்து மோனோரெயிலில் லோ யாட்டுக்குப் பக்கத்திலுள்ள இம்பி நிலையம் வரை போனேன். கடைக்காரர் தன் கேபிளை நேராகக் கார்டில் செருகினார். படம் வந்தது. வீட்டில் எதில் செருகினீர்கள் என்று கேட்டார். நான் குனிந்து திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன்.