பர்மிய உணவகத்தில் முதல் சாப்பாடு: எங்கே தவறுகிறோம்?

சென்னைப் பாரிமுனையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகியவர்கள் பர்மாவின் யாங்கூனில் முதல் நாள் ஏமாந்துபோவதுண்டு. 1962இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கிருந்து திரும்பிய தமிழர்களோடு வந்த உணவு அது. இங்கே நம் நாக்குக்கேற்ப நன்றாகவே உறைப்பேறிவிட்டது. அந்தக் காரத்தை அங்கே தேடுவதுதான் முதல் தவறு. பர்மியக் குழம்பில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள் இருக்கும். பட்டை, கிராம்பு வாசனை தூக்கலாக வராது.

சோற்றுக்கடையில் உட்கார்ந்ததும் ஆளுக்கு நான்கு குழம்பு சொல்லிவிடுவது அடுத்த அவசரம். ஒன்று போதும். பன்றியோ கோழியோ மீனோ ஒன்றைச் சொன்னாலே, பெரும்பாலான கடைகளில் சோற்றோடு புளிச்சக்கீரை போட்ட புளிப்பான சூப்பும், பச்சைக் காய்களும் வேகவைத்த கீரைகளும் நிறைந்த தட்டும், தொட்டுக்கொள்ள ங்கப்பி என்ற புளித்த விழுதும் தனிக் கட்டணமில்லாமல் வந்துவிடும். இவற்றை அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறவர், "ஒரே எண்ணெய், உப்பு" என்று சொல்லத்தான் செய்வார். ஒரு வாய் குழம்புச் சோறு, ஒரு கடி பச்சைக் கத்தரிக்காய், ஒரு மடக்கு புளிப்பு சூப் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதற்காகவே சமைக்கப்பட்டது அது. சுவை தட்டில்தான் கூடி வருகிறது. அதைக் கூட்டுவது சாப்பிடுகிறவரின் வேலை.

எண்ணெயைப் பார்த்து மிரளவும் வேண்டாம். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சமைப்பதே அங்கே பக்குவம். வேண்டாதவர்கள் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். குழம்பு ஆறியிருப்பதையும் குறையாகச் சொல்லாதீர்கள். பல கடைகளில் காலையிலேயே சமைத்து வரிசையாக வைத்துவிடுவார்கள்.

ங்கப்பி என்பது மீனையோ இறாலையோ புளிக்கவைத்து அரைத்த விழுது. வாடை பலமானது. நம் வீட்டில் கருவாடு வதங்கும்போது வாசலில் நிற்பவர் எப்படி முகம் சுளிப்பாரோ அப்படித்தான் புதியவர் சுளிப்பார். முகர்ந்து பார்த்து முடிவெடுக்காமல், காயின் நுனியில் துளி தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் தப்ப முடியாது. வெறும் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு இருக்கலாம், சாலட்டில் உலர்ந்த இறால்தூள் இருக்கலாம். "தெத் தத் லுத்" என்று கேளுங்கள். உயிர் கொல்லாத உணவு என்று புரிந்துகொள்வார்கள். கடலைமாவில் செய்யும் ஷான் டோஃபு நல்ல தேர்வு. அதன் மேல் கறி போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மொஹிங்காவை இரவில் தேடாதீர்கள். கெளுத்தி மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸும் வாழைத்தண்டும் சேரும் அந்த உணவுக்குக் காலைதான் வேளை. பேர்போன கடைகளில் முற்பகலிலேயே தீர்ந்துவிடும். லப்பெத் தோக்கையும் இரவில் தவிர்ப்பது நல்லது. புளிக்கவைத்த தேயிலையோடு வறுத்த பருப்பு, எள், பொரித்த பூண்டு எல்லாம் கலந்த அந்த சாலட்டை இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்களுக்குத் தூக்கம் சுலபத்தில் வராது. தேநீருக்கு உரிய கஃபீன் அதிலும் இருக்கிறது. மதியத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு தட்டு வாங்கிக்கொண்டால் கவலையில்லை.